மோவாபில் பச்சைத் தண்ணீர்க் குளியல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலம் மோவாபில் எங்கள் ஆர்.வி. வண்டியை, அதாவது சக்கரம் வைத்த வீட்டை, நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. எரிவாயுவில் ஓடவிட்டால் ஹீட்டர் வெந்நீர் தருகிறது. மின்சாரத்தில் போட்டாலோ பச்சைத் தண்ணீர்தான்!

பிரேக்கர் விழவில்லை. ஹீட்டரின் வெளிப்பக்கக் கதவுக்குள் ஒளிந்திருக்கும் குட்டிக் கறுப்புச் சுவிட்சும் போட்டுத்தான் இருந்தது. ரீசெட் பொத்தானை அழுத்தினேன், பயனில்லை. மிச்சம் இருந்தது, மின்சாரத்தில் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் ஒன்றுதான். முகாமின் மின் இணைப்பைப் பிடுங்கி, எலிமென்ட்டின் கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 120 வோல்ட், 1440 வாட் என்றால் 10 ஓம் அளவில் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லை. எரிந்துபோயிருக்கிறது.

எரித்த புண்ணியவான் நான்தான். குளிர்காலத்தில் உறையாமலிருக்க ஹீட்டரின் தொட்டியை வடித்து, தண்ணீரை அதற்குள் விடாமல் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வைத் திருப்பி வைத்தேன். வசந்தம் வந்ததும் அதை மறுபடி திருப்ப மறந்துவிட்டேன். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் கொட்டியதால் தொட்டி நிரம்பிவிட்டது என்று நினைத்தேன். அது காலித் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்த தண்ணீர்! பிறகு வால்வைத் திருப்பினேன், ஆனால் எலிமென்ட் அதற்குள் வறண்ட தொட்டியில் வெந்து முடிந்திருந்தது.

புது எலிமென்ட் மலிவுதான். அதைக் கழற்ற ஒன்றரை அங்குல சாக்கெட் ஸ்பேனர் தேடித்தான் அரை நாள் அலைந்தேன். தொட்டி ஆறும்வரை காத்திருந்து, அழுத்தத்தை விடுவித்து, வடித்து, மாற்றியாயிற்று.

இப்போது சுவிட்சின் மேல் ஒரு துண்டுச்சீட்டு: "வால்வைப் பார்த்தீர்களா?" கையெழுத்து மனைவியுடையது.