விழா மலருக்கு முன் பதிவேட்டைத் திறவுங்கள்

திருகோணமலையில் ஒரு மெதடிஸ்த சபை ஆண்டு விழா எடுத்தால் மலர் ஒன்று வரும். ஆசிச் செய்திகள், குருமாரின் படவரிசை, கட்டடத்துக்கு அடிக்கல் வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். முதல் விசுவாசிகள் கிழமை நாட்களில் கூடி என்ன செய்தார்கள் என்பது மட்டும் இராது. சபை மறுபடி உயிர்க்க வேண்டுமென்றால் தேட வேண்டியது அதைத்தான்.

முதலில், சபை எந்த ஆண்டில் தொடங்கியது என்ற குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மெதடிஸ்த மிஷனரிமாரை இலங்கைக்கு அழைத்துவந்த தோமஸ் கோக் 1814 மே 3இல் கப்பலிலேயே இறந்துபோனார். மற்றவர்களில் ஐந்து பேர் யூன் 29இல் காலிக்கு வந்து சேர்ந்தார்கள். யூலை 11இல் கூடி ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு, ஓல்ட் மட்டக்களப்புக்கு, மற்ற இருவரும் காலி, மாத்தறைப் பக்கம். அந்தப் பங்கீட்டில் திருகோணமலை இல்லை. ஆகவே இங்குள்ள சபை தன் வரலாற்றை 1814இலிருந்து தொடங்கி எழுதினால் அது தீவின் ஆண்டு, சபையின் ஆண்டு அல்ல. கட்டடத்தின் ஆண்டும் அப்படித்தான்; வீட்டுத் திண்ணையில் கூடிய கூட்டம் அதற்கு முந்தியதாக இருக்கலாம்.

உள்ளூர்த் தொடக்கத்தைச் சொல்லக்கூடியது ஞானஸ்நானப் பதிவேடு. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யுங்கள்: ஒருவர் வாசிக்க, மற்றவர் கொப்பியில் பென்சிலால் எழுதட்டும். பேனையைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். கையைக் கழுவி நன்றாக உலர்த்தியபின் தொடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், பக்க எண் தெரியும்படி போனில் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். விட்டால் ஒரு பக்கம் தவறிப்போனதா, முதலிலேயே வெறுமையா என்று பிறகு தெரியாது. பெயரை இருந்தபடியே எழுதுங்கள். சூசை என்றிருப்பதை ஜோசப் என்று திருத்தினால் ஒரு குடும்பத்தின் தடமே அறுந்துவிடும்.

கவனிக்க வேண்டியது சாட்சிகளின் நிரல். ஒரே பெயர் பத்துப் பதினைந்து ஞானஸ்நானங்களில் சாட்சியாக வந்தால் நின்று பாருங்கள். பெரும்பாலும் அவர் குருவுக்கு உதவியாக வேதம் கற்பித்த உபதேசியாராகவோ, வீடு வீடாகப் போன ஒரு பெண்ணாகவோ இருப்பார். ஊருக்கு வேதத்தைக் கொண்டுபோனவர்கள் இவர்கள். மிஷனரியின் ஆங்கில அறிக்கையில் இவர்களுக்குப் பெயர்கூட இல்லாமல் போகும். சில பதிவேடுகளில் சாதியும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைச் சபை முன்னால் வாசிக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். லமினேட் செய்தால் மீட்பே இல்லை. குண்டூசி கடற்காற்றில் துருப்பிடித்துத் தாளை ஓட்டையாக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். நனைந்த பதிவேட்டை வெயிலில் வைக்காமல், பக்கங்களுக்கிடையே வெள்ளைத் தாள் செருகி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். சுவரோடு ஒட்டிய அலுமாரியில் கறையான் ஏறும். சேமக்காலைக் கல்லறைகளில் சோக்கட்டியோ கம்பித் தூரிகையோ படக்கூடாது. காலை ஏழு மணிச் சாய்வெயிலில் மங்கிய எழுத்தும் தெரியும். (எழுத்தாளர் ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்து நம் ஊரில்தான் அடக்கம் செய்யப்பட்டார். அவரைத் தேடி வருபவர்கள் உண்டு. பக்கத்துக் கல்லில் உள்ள பெயர்களையும் வாசிக்க யாராவது வேண்டும்.)

ஒல்லாந்தர் காலத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். உத்தியோகத்துக்கும் சொத்துரிமைக்கும் ஞானஸ்நானம் தேவைப்பட்ட காலம் அது. தோம்புகள் எனப்பட்ட பாடசாலைப் பதிவேடுகளில் பெயர்கள் நிரம்பி வழிந்தன. 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். அந்தக் கட்டாயம் போனதும் தீவெங்கும் அந்தக் கூட்டம் கரைந்தது. அங்கத்தவர் எண்ணிக்கையை வைத்துத் தன்னை அளக்கும் எந்தச் சபையும் இந்தப் பகுதியை உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

இனி, எடுத்து நடத்தக்கூடிய ஒரு பழக்கம். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், கட்டடக் கடனை அடைக்க ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி சேர்ப்பதென்று மெதடிஸ்தர்கள் தீர்மானித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீட்டுக்கு வீடு போய்க் காசு வாங்கினார். அப்படிப் போனவர்களுக்கு ஒவ்வொரு வீட்டின் நிலைமையும் தெரியவந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதையே வகுப்புக் கூட்டமாக்கினார்; அப்படிக் கூடும் சிறு குழுதான் வகுப்பு.

இன்றும் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம், ஒரே நாள், ஒரு வீடு. தலைவர் முதலில் தன் கிழமை எப்படிப் போனது, எங்கே விழுந்தேன், எங்கே கர்த்தர் தாங்கினார் என்று சொல்ல வேண்டும். அவர் மறைத்தால் மற்றவர்களும் மறைப்பார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் நான்கைந்து நிமிடம். பிரசங்கம் வேண்டாம், வகுப்பு பெரும்பாலும் கெட்டுப்போவது அங்கேதான். தேநீரோடு நிறுத்துங்கள், சாப்பாடு வைத்தால் வசதி குறைந்த வீட்டார் தங்கள் முறை வரும்போது ஒதுங்குவார்கள். கேட்டது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஒருமுறை போனால் அந்த வகுப்பைக் கலைத்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். இரண்டு கிழமை வராதவரின் வீட்டுக்குத் தலைவரே போக வேண்டும், போனில் செய்தி அனுப்பினால் போதாது. யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒரு கொப்பியில் தேதியோடு குறித்து வையுங்கள். அந்தக் கொப்பியும் பதிவேடுகள் இருக்கும் அலுமாரிக்குள்தான் போக வேண்டும்.