கண்ணை மூடிக் குதிக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு

கடலூர் மஞ்சக்குப்பம் அண்ணா மைதானத்துல லாங் ஜம்ப் பழகுற தம்பி, தங்கச்சிகளுக்கு.

மனசுல குதிச்சுப் பார்க்கிறதைப் படுக்கையில செய்யாதீங்க. ஸ்பைக்ஸ் (ஆணி வச்ச ஷூ) மாட்டிக்கிட்டு, ஓட ஆரம்பிக்கிற ரன்-அப் மார்க்ல நின்னு, கையில ஸ்டாப்வாட்ச்சோட செய்யுங்க. முதல் ஸ்டெப்புல அமுக்கணும், கால் மணல்ல பட்டதும் நிறுத்தணும். நிஜ ஓட்டம் 5 செகண்ட் ஆகும்போது மனசுல 3 செகண்ட்லயே முடிஞ்சா, நடுவுல ஸ்டெப்பை முழுங்கிட்டீங்க. பெரும்பாலும் முழுங்குறது கடைசி நாலு ஸ்டெப்தான். பலகைக் கோட்டைத் தாண்டி மிதிச்சு ஃபவுல் ஆகுறதும் அங்கதான்.

கேலரியில உட்கார்ந்து உங்களையே பார்க்கிற மாதிரி இல்லாம, உங்க கண்ணு வழியா பாருங்க. எம்புறதுக்கு மிதிக்கிற 20 செ.மீ. பலகை கிட்ட வரணும், உள்ளங்கால் முழுசா 'டப்'புனு விழணும். "கோட்டைத் தாண்டக்கூடாது"ன்னு சொல்லிக்கிட்டா கண்ணு கீழே போகும், வேகம் செத்துடும். பார்வை நேரா முன்னால.

நம்ம தமிழ்நாட்டு லாங் ஜம்ப் வீரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023ல 8.42 மீட்டர் தாண்டின வீடியோவை எல்லாரும் பார்க்கிறோம். காத்துல அவர் கை, கால் போறதை மட்டும் காப்பி அடிச்சா பிரயோஜனமில்லை. ஸ்லோ மோஷன்ல வச்சு, கடைசிக்கு முந்தின ஸ்டெப்புல இடுப்பு இறங்குறதையும் கடைசி ஸ்டெப் குட்டையாகுறதையும் பாருங்க. ரெண்டு வாரத்துக்கு அது ஒண்ணு போதும். நீங்க எம்புற கால் வேறன்னா வீடியோவை இடவலமா திருப்பிப் பாருங்க.

மூணு தடவை மனசுல, ஒரு தடவை நிஜத்துல. மதியத்துக்கு மேல காத்து திரும்பி கடல் பக்கமிருந்து வீசும், ரன்-அப் மார்க்கை நகர்த்த வேண்டி வரும். அந்தக் காத்தையும் சேர்த்தே கற்பனை பண்ணுங்க.