பச்சை புக்கை வாசிச்சுட்டாங்க

சிறையில் மனு பார்க்கும் (கைதியை வீட்டார் சந்திக்கும்) கூடத்தில் கத்தினால்தான் காதில் விழும். அன்று தம்பி கத்தவில்லை. கம்பி வலையில் வாயை ஒட்டி வைத்து, "அக்கா, பச்சை புக்கை வாசிச்சுட்டாங்க" என்றான். கூட்டு மருந்து மையத்தில் கொடுக்கும் சிகிச்சைப் புத்தகத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது அதுவரை குடும்பத்தில் அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

விசாரணைக் கைதியாக உள்ளே போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கைகலப்பு. சிறைக் குற்றம் என்று விசாரணை வைத்தார்கள். சிறை ஆஸ்பத்திரிக் குறிப்பை வார்டர்கள், சாட்சி சொல்ல வந்த சிறைவாசிகள் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். 'மற்றவர்களுக்கு ஆபத்து' என்று பதிவில் எழுதித் தனி செல்லில் போட்டுவிட்டார்கள். இருட்டுவதற்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் ஆத்திரத்தில் ஒரு மனு எழுதினேன். அவன் பெயர், நோய், எல்லாம் முதல் பக்கத்திலேயே. நல்லவேளை, கொடுப்பதற்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன் (15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்). அங்கே கொடுத்த வக்கீலம்மா அதைப் படித்துவிட்டு, "இது எத்தனை மேசை தாண்டிப் போகும் தெரியுமாம்மா?" என்றார். அவர்கள் செய்ததையே நானும் செய்ய இருந்தேன்.

அடுத்து அவர் கேட்டது, "வெளியே சொல்லலாம்னு தம்பி எழுதிக் கொடுத்தாரா?" இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சட்டம் விலக்களித்த சில இடங்கள் தவிர, எழுத்துமூல சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது. நோயைக் காரணம் காட்டி ஒதுக்கி வைப்பதையும் அதே சட்டம் பாகுபாடு என்கிறது. "சண்டை போட்டாரா இல்லையாங்கிறது ஒரு கேள்வி. இதை ஏன் படிச்சாங்கங்கிறது வேற கேள்வி. ரெண்டையும் கலக்காதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது.

புதிய மனுவில் தம்பிக்குப் பெயரில்லை, ஓர் எழுத்து மட்டும். வழக்கில் அடையாளத்தை மறைக்கச் சொல்லிக் கேட்க அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. மருத்துவத் தாள்கள் மூடிய உறையில் போயின. சிறை மருத்துவ ஊழியர்களுக்குத் தண்டனை கொடுப்பதில் பங்கே இருக்கக் கூடாது என்கிற ஐ.நா.வின் மண்டேலா விதிகளையும், தனிமைச் சிறை போன்ற தண்டனையை செஷன்ஸ் நீதிபதி பரிசீலிக்க வேண்டும் என்று 1979-லேயே சொன்ன உச்ச நீதிமன்றத்தின் சுனில் பத்ரா தீர்ப்பையும் வக்கீலம்மா சேர்த்தார். தண்டனையைத் தாங்க உடம்பு இடம் கொடுக்குமா என்று டாக்டர் சொன்னால் போதுமே. எந்த நோய் என்று விசாரணை மேசையில் இருப்பவருக்கு எதற்கு?

தனி செல்லிலிருந்து வெளியே விட்டார்கள். பதிவிலிருந்து அந்த வரி போனது. சண்டைக்கு மட்டும் மறுபடி விசாரணை நடந்தது. தம்பி ஒத்துக்கொண்டான், இரண்டு வாரம் மனு பார்க்க முடியாது என்றார்கள். அதை நாங்கள் எதிர்க்கவில்லை.

இப்போது அவனுடைய ராத்திரி மாத்திரையையும் பிரஷர் மாத்திரை போலவே ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். பிளாக்கில் அவன் தம்ளரை மட்டும் இன்னும் யாரும் தொடுவதில்லையாம்.