நிலவும் எரிமலைக் கண்ணாடியும்

முழுநிலவு இரவுகளில் என் கறுப்பு அப்சிடியன் கல்லை ஜன்னலோரம் வைத்து, அதன் முன் பேசாமல் உட்கார்ந்திருப்பது என் வழக்கம்.

அதைப் படிகம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். படிகமே அல்ல அது. சிலிக்கா நிறைந்த எரிமலைக் குழம்பு, அணுக்கள் வரிசையில் அமைய நேரமில்லாமல் சட்டென்று குளிர்ந்து உறைந்த கண்ணாடி. அத்தனை கொதிப்பும் இப்படி ஒரு அமைதியாக என் உள்ளங்கையில் குளிர்ந்து கிடப்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. நோய் தீர்க்கும், பணம் சேர்க்கும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு இது பார்ப்பதற்கான கல்.

மெருகேற்றினால் முகமே தெரியும். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் இதில் கண்ணாடி செய்தார்கள். அவர்களுடைய பெருந்தெய்வம் டெஸ்காட்லிபோகாவின் பெயருக்கே ‘புகையும் கண்ணாடி’ என்றுதான் பொருள். இருளுக்குள் பார்த்து உண்மையைத் தேடியவர்கள் அவர்கள்.

நிலவும் ஒரு கண்ணாடிதானே! தன் மேல் விழும் சூரிய ஒளியில் சுமார் 12 சதவீதத்தை மட்டுமே திருப்பித் தருகிறது. அந்தச் சொற்பத்தில்தான் நம் இரவு முழுவதும் நனைகிறது.

இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது. 1972-இல் அப்பல்லோ 17 வீரர்கள் நிலவில் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டார்கள். அது 350 கோடி ஆண்டுகளுக்கும் முன் எரிமலை பீச்சியடித்த நுண்ணிய கண்ணாடி மணிகள்.

இன்றிரவும் கல்லை எடுத்து வைத்துவிட்டேன். அதன் கறுப்பில் நிலவு ஒரு சிறு வெள்ளைப் புள்ளியாக இறங்கியிருக்கிறது.