ஆனிக் காற்றும் ஒரு சைக்கிள் பந்தயமும்: நாட்குறிப்பு

ஜனவரி 19, 2025, ஞாயிறு

பந்தயக் குழு இன்று பாளையங்கோட்டையில் கூடியது. ஆண்டுதோறும் பிப்ரவரி இறுதியில் நடத்திவரும் நெடுந்தூரச் சாலைப் பந்தயத்தை ஜூன் மாதத்துக்குத் தள்ள வேண்டும் என்று நான் சொன்னதும், வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். தள்ளச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பிசான நெல் அறுவடை தொடங்கிவிடுகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரை சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது, நெல்லுக்குக் காவலாக ஓரத்தில் கற்கள் வரிசையாக இருக்கின்றன. உலர்த்தக் களம் இல்லாத விவசாயியிடம் போய், எங்கள் பந்தயத்துக்காக நெல்லை அள்ளிவிடுங்கள் என்று கேட்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

அதைவிடப் பெரிய காரணம் பாதை தட்டையாக இருப்பது. மேடும் இல்லாமல், காற்றும் இல்லாத மாதத்தில், 150 கி.மீ. ஓட்டினாலும் கூட்டம் பிரிவதில்லை. களைத்துப்போன அறுபது எழுபது பேர் ஒன்றாக வந்து கடைசி முந்நூறு மீட்டரில் முட்டி மோதுகிறார்கள். சென்ற ஆண்டு இறுதி வளைவில் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்த தடுப்புக் கம்பியின் காலில் சிக்கி விழுந்த இளைஞருக்குக் காறை எலும்பு முறிந்தது. கம்பியை மாற்றினால் போதும் என்பது குழுவில் பெரும்பாலோர் எண்ணம். அத்தனை பேர் அந்த வளைவுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்வதுதான் கோளாறு என்பது என் எண்ணம். பாதையை மாஞ்சோலை மலைக்கு ஏற்றிவிடலாமே என்றார் ஒருவர். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் செல்லும் பாதை. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. மலை இல்லையென்றால் காற்றுதான் பந்தயத்தைப் பிரிக்க வேண்டும். ஜூனில் மேற்கிலிருந்து வரும் காற்று எத்தகையது என்பதைக் காற்றாலைகளின் நடுவே வாழும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

புதிய பாதையை இரண்டு கார்களில் சென்று பார்த்தோம். திருநெல்வேலியில் புறப்பட்டு ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி. அங்கிருந்து கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி. பின்னர் தெற்கே திரும்பிக் களக்காடு, ஏர்வாடி வழியாக வள்ளியூருக்கு முன்னால் முடிவுக் கோடு. தென்காசி வரை எதிர்க்காற்று என்பதால் அதற்குள் எவரும் தனியாகப் பிரிந்து ஓட மாட்டார்கள். சேரன்மகாதேவி வரை காற்று ஏறக்குறைய முதுகுப்புறம் இருக்கும். அதன்பின் தெற்கு நோக்கிச் செல்லும்போது வலப்புறத்திலிருந்து பக்கக்காற்று அடிக்கும். பந்தயம் அங்கேதான் தொடங்கும்.

வேகத்தடைகளைக் குறித்துக்கொண்டே வந்தோம். வெள்ளைக்கோடு உள்ளவை குறைவு. சில ஊர்களில் அவை நெடுஞ்சாலைத் துறையின் அளவுக்கே கட்டுப்படாமல், ஊரார் தாங்களாகவே மண்ணும் தாரும் கொட்டி எழுப்பியவை. எங்கள் பாதைக் குறிப்பேட்டில் இனி ஒவ்வொரு வேகத்தடையும் கி.மீ. எண்ணுடன் இருக்கும், பந்தயத்துக்கு முந்தைய நாள் சுண்ணாம்புப் பட்டையும், பந்தயத்தன்று ஐம்பது மீட்டர் முன்னால் விசிலும் மஞ்சள் கொடியுமாக ஒரு தொண்டரும் இருப்பார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

பரிசுத்தொகை பற்றி நீண்ட வாக்குவாதம். பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே தொகை வேண்டும் என்ற தீர்மானத்தை எதிர்த்தவர்கள், பெண்கள் பிரிவில் கலந்துகொள்வோர் குறைவு என்றார்கள். பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை எடுத்துக்காட்டினேன். அது 1896-இல் தொடங்கியது. பெண்களுக்கான முதல் பந்தயம் அங்கு நடந்தது 2021 அக்டோபரில். அதில் வென்ற லிஸி டெய்னனுக்குக் கிடைத்த பரிசு 1,535 யூரோ. ஆண்கள் வெற்றியாளருக்கு 30,000 யூரோ. உலகமே அதைச் சுட்டிக்காட்டிப் பேசியது. பரிசும் தராமல், நேரமும் ஒதுக்காமல், ஆண்களின் கூட்டத்துக்குப் பின்னால் வால்போல ஓடவிட்டு, பிறகு ஆள் வரவில்லை என்று குறைசொல்வது நியாயமல்ல. முடிவில் தீர்மானம் நிறைவேறியது. பெண்கள் தென்காசியிலிருந்து, ஆண்கள் திருநெல்வேலியில் புறப்படும் அதே நேரத்தில் கிளம்புவார்கள். அவர்களுடைய தூரம் ஏறத்தாழ 100 கி.மீ. ஆண்கள் தென்காசியை எட்டுவதற்குள் அவர்கள் வெகுதூரம் போயிருப்பார்கள் என்பதால், அவர்களுடைய பந்தயத்துக்கு இடையே யாரும் புக முடியாது.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை முதல் நாள்

நேற்று பாரிஸ்–ரூபேயில் மத்தேயு வான் டெர் பூல் தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றார்; போகச்சார் இரண்டாவதாக வந்தார். எனக்கு வெற்றியைவிட முக்கியமாகப் பட்டது, ஆரன்பெர்க் காட்டுப் பாதைக்குள் நுழையும் இடத்தை அமைப்பாளர்கள் மாற்றியிருந்த விதம். இரண்டு கி.மீ.க்கு மேல் நீளும் அந்தக் கல் பாதைக்குள் முதலாவதாக நுழைய வேண்டும் என்று மொத்தக் கூட்டமும் மணிக்கு 60 கி.மீ. அளவிலான வேகத்தில் பாய்ந்து வருவது பல்லாண்டுப் பிரச்சினை. 1998-இல் யோஹான் மூசேவ் விழுந்து முழங்கால் சிதைந்ததும் அங்கேதான். சென்ற ஆண்டு, சைக்கிள் ஓட்டுநர் சங்கம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, வாசலிலேயே தடுப்புகளால் ஒரு செயற்கை வளைவு அமைத்தார்கள். இது என்ன வேடிக்கையா என்று வான் டெர் பூலே கேட்டார். இந்த ஆண்டு அந்தத் தடுப்புகளை எடுத்துவிட்டு, பழைய சுரங்க வளாகத்தின் வழியாகச் சாலையையே சில திருப்பங்களுடன் சுற்றிவிட்டார்கள். கூட்டம் இயல்பாகவே நீண்டுவிட்டது, வேகமும் குறைந்தது.

நம்முடைய ஆரன்பெர்க் சேரன்மகாதேவித் திருப்பம். அதைத் தாண்டியதும் பக்கக்காற்று என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆகவே திருப்பத்துக்கு முன்னால் இடத்துக்காக அடித்துக்கொள்வார்கள். அகலமான சாலையில் நேராக வந்து திரும்பவிடாமல், ஊருக்குள் வளைந்து செல்லும் தெரு வழியாக அவர்களைக் கொண்டுவந்தால் என்ன என்று குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

2019-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு பாதை இரண்டு மாவட்டங்களுக்கு உட்பட்டதாகிவிட்டது. ஆகவே இரண்டு காவல் கண்காணிப்பாளர் அலுவலகங்களிலும் அனுமதி வாங்க வேண்டும். நாள் முழுக்கச் சாலையை அடைப்பது நடக்காத காரியம். முன்னால் காவல் வாகனம், பின்னால் பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் ஸ்வீப் வண்டி, இரண்டுக்கும் இடைப்பட்ட சாலை மட்டும் மூடப்பட்டு அவற்றோடு நகர்ந்து செல்லும் முறையைத்தான் கேட்டிருக்கிறோம். ஆனால் சேரன்மகாதேவிக்குத் தெற்கே மட்டும் இரு பக்கமும் மூட வேண்டும் என்று தனியாக வலியுறுத்தினேன். அதிகாரி ஏன் என்று கேட்டார். காற்று வலப்புறமிருந்து வந்தால் ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செல்ல மாட்டார்கள். முதலாமவர் சாலையின் வலது ஓரத்தைப் பிடிக்க, மற்றவர்கள் அவரவர்க்கு முன்னால் இருப்பவரின் இடப்பக்கம் சற்றுப் பின்தங்கி, விசிறிபோல இடது ஓரம் வரை விரிவார்கள். இடது பாதியை மட்டும் கொடுத்தால், காற்றை முதலில் வாங்குபவர் நடுக்கோட்டில், எதிரே வரும் பேருந்துக்கு நேராக இருப்பார். தாளில் படம் வரைந்து காட்டியதும் அவருக்கு விளங்கிவிட்டது.

ரயில்வே கேட் பற்றிய விதியை ஓட்டுநர்களுக்கு இப்போதே அனுப்பிவிட்டோம். முன்னால் சென்றவர்கள் கடந்த பிறகு கேட் மூடிக்கொண்டால், பின்னால் நிற்பவர்களுக்கு அது பந்தயத்தில் நேரும் சாதாரணத் தடங்கல்தான். முப்பது நொடிக்கு மேல் முன்னிலையில் இருப்பவர்கள் கேட்டில் நிற்க, கூட்டம் வந்து சேர்ந்துவிட்டால் பந்தயம் நிறுத்தப்பட்டு, அதே இடைவெளியுடன் மீண்டும் தொடங்கும். மூடிய கேட்டுக்குள் நுழைபவர் வெளியேற்றப்படுவார். 2006 பாரிஸ்–ரூபேயில் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களில் வந்தவர்களையே இதற்காக நீக்கியிருக்கிறார்கள். நம் பகுதியில் மூடிய கேட்டின் கீழ் குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது அன்றாடப் பழக்கம் என்பதால், இந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் அச்சிட்டோம்.

மே 25, ஞாயிறு

ஜூன் 15 உறுதியாகிவிட்டது. ஜூன் 8 என்றால் பக்ரீத்துக்கு மறுநாள், ஏர்வாடியில் கூட்டம் இருக்கும். மாதக் கடைசி என்றால் நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழா நெருங்கிவிடும். உணவு வழங்கும் இடம் அம்பாசமுத்திரத்துக்கு முன்னால். வாழைப்பழம் களக்காட்டுச் சந்தையிலிருந்து, கடலைமிட்டாய் கோவில்பட்டியிலிருந்து.

ஜூன் 14, சனி

மாலையில் ஓட்டுநர் கூட்டம். மிக அதிக நேரம் எடுத்தது, ஆட்களை எண்ணும் முறை பற்றிய விளக்கம். சென்ற செப்டம்பரில் சூரிச் உலகப் பந்தயத்தில், பதினெட்டு வயதான மூரியல் ஃபுரர் காட்டுப்பகுதியில் விழுந்தது உடனே எவர் கண்ணிலும் படவில்லை; மறுநாள் அவர் இறந்தார். அத்தனை வசதி உள்ள பந்தயத்திலேயே ஒருவர் காணாமல் போனது தெரியாமல் பந்தயம் தொடர முடியும் என்றால், நம்மிடம் என்ன காவல் இருக்கிறது? தென்காசி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு ஆகிய நான்கு இடங்களிலும் ஒவ்வொரு எண்ணையும் தாளில் குறிப்பார்கள். ஸ்வீப் வண்டி கடக்கும்போது கணக்கு நேராகாவிட்டால், அந்த எண்ணைத் தேடி ஒரு மோட்டார் சைக்கிள் பின்னோக்கிச் செல்லும். விலகுபவர் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் அடுத்த ஆண்டு அனுமதி இல்லை. சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு, இரவு

ஐந்தரை மணிக்கு இரண்டு இடங்களிலும் புறப்பாடு. தென்காசியில் சாரல், குற்றாலத்துக்கு வரும் வண்டிகள் நாங்கள் அஞ்சிய அளவுக்கு அந்நேரத்தில் இல்லை. கடையம் தாண்டும்வரை ஆண்களில் முன்னால் சென்றவர்கள் ஒரே கூட்டம்.

சேரன்மகாதேவித் தெருவுக்குள் நுழையும்போதே அவர்கள் ஒற்றை வரிசையாகியிருந்தார்கள். யாரும் விழவில்லை. தெற்கே திரும்பி ஐந்து நிமிடத்துக்குள் முதல் விசிறி அமைந்தது. அதில் இடம் கிடைக்காதவர்கள் இடது ஓரத்து மண்ணில் தொங்கிக்கொண்டு சிறிது நேரம் போராடி, பிறகு தங்களுக்குள் இரண்டாவது விசிறியை அமைத்தார்கள். களக்காட்டில் நான்கு தனிக் கூட்டங்கள். முடிவுக் கோட்டுக்கு முதலில் வந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே. பெண்கள் பந்தயமும் அதே இடத்தில்தான் உடைந்தது. அதில் வென்றவர் கடைசி 20 கி.மீ. தனியாகவே ஓட்டினார். ஒரு வகையில் அதுவே இன்றைய சிறந்த ஓட்டம்.

எண்கள் கணக்கு ஒருமுறை பிசகியது. களக்காட்டில் ஒருவர் குறைந்தார். திரும்பிச் சென்ற மோட்டார் சைக்கிள், சங்கிலி அறுந்து ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்திருந்தவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தது.

ஜூன் 18, புதன்

மீளாய்வுக் கூட்டம். பக்கக்காற்றுப் பகுதி நீடிக்கும். தேதியும் ஜூன் மாதமே. மாற்ற வேண்டியது கால வரம்பு. எதிர்க்காற்றில் தென்காசிக்குச் செல்வதற்குள்ளேயே நேரத்தை இழந்த பலரை, அம்பாசமுத்திரத்தில் ஸ்வீப் வண்டி ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர்களில் சிலர் நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். வரம்பை எல்லா இடத்துக்கும் ஒரே சராசரி வேகமாக வைக்காமல், தென்காசி வரை குறைவாகவும் அதன்பின் கூட்டியும் வைக்கலாம் என்பது ஒரு கருத்து. காற்று அடிக்காத ஆண்டில் அது தலைகீழாகிவிடும் என்பது எதிர்க்கருத்து. அன்று காலை முன்னால் செல்லும் கூட்டத்தின் நேரத்திலிருந்து இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டால் இரண்டும் தீரும் என்றேன். எத்தனை சதவீதம் என்பதில் ஒத்துப்போகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் இந்த ஆண்டின் நேரப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு வருவதாகப் பேச்சு.