மூன்றாம் வளைவும் ஒரு முகடும்

அசெட்டோ கோர்சா என்ற கணினிக் கார்ப் பந்தய விளையாட்டுக்காக, பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் நான் அமைத்துவரும் 4.1 கி.மீ. தடத்தின் மூன்றாம் வளைவை, சனிக்கிழமை இரவு எட்டுக் கார்கள் முதல் சுற்றில் ஒன்றோடொன்று மோதாமல் கடந்தன. மூன்று வாரங்களாக என் தூக்கத்தைக் கெடுத்த வளைவு அது. மேட்டைத் தாண்டியவுடன் வலப்புறம் திரும்ப வேண்டிய அந்த இடத்தில், முன்னால் போகிறவர் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல், ஒவ்வொரு சோதனையிலும் இரண்டு கார்களாவது சுவரில் போய் நின்றன. ஓட்டுபவர்களின் அவசரமே காரணம் என்று நண்பர்களிடம் பிடிவாதமாகச் சொல்லிவந்தேன். காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

முகட்டின் செங்குத்து வளைவுக்கு 1500 மீட்டர் ஆரம் வைத்திருந்தேன். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டு, ஆரத்தையும் கண்ணின் உயரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால், அவருக்குத் தெரியும் சாலையின் நீளம் ஏறத்தாழ 55 மீட்டர் என்று வருகிறது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அது ஒரே நொடியில் கடந்துவிடும் தூரம். அங்கிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு இறங்க, ஜிடி3 வகைப் பந்தயக் காரில் நான் பார்த்தவரை 90 மீட்டராவது வேண்டும்.

வேகத்தின் வர்க்கத்தை 15ஆல் வகுத்தால் வரும் எண்ணுக்கு முகட்டின் ஆரம் குறையக் கூடாது என்பது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் வடிவமைப்பு விதி, 200 கி.மீ. வேகத்துக்கு 2667 மீட்டர். அந்த ஆரத்தில் முகட்டின் உச்சியில் டயர்களின் மீதான பாரம் சுமார் 12 சதவீதம் மட்டுமே குறையும். என் பழைய முகட்டில் 21 சதவீதம் குறைந்துகொண்டிருந்தது. ஆனால் விதிப்படி அமைத்தாலும் சாலை 73 மீட்டர்தான் தெரியும் என்பதால், ஆரத்தை 3000 ஆக்கியதோடு மூன்றாம் வளைவையும் 60 மீட்டர் அப்பால் நகர்த்தினேன். இப்போது முகடு முழுவதும் முடிந்து, நேரான இறக்கம் கண்முன் விரிந்த பிறகே பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேகம் 4 கி.மீ. கூடிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து 150, 100, 50 மீட்டர் தூரப் பலகைகள். 100 மீட்டர் பலகையை உரசிய கார் கான்கிரீட் தூணில் மோதியதுபோல் சுழன்றது. பலகையைச் சுவரிலிருந்து நகலெடுத்தபோது, மோதக்கூடிய பொருள் என்று இயற்பியல் எஞ்சினுக்கு அறிவிக்கும் எண்ணும், சுவரைக் குறிக்கும் சொல்லும் பெயரின் முன்னால் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. நிஜத் தடங்களில் நுரைப் பலகையாக வைப்பதை நான் இரும்பாக வைத்திருக்கிறேன்! பெயரின் முன்பகுதியை அழித்தபின், கார்கள் பலகையை ஊடுருவிப் போகின்றன. பார்க்க அழகாக இல்லை, ஆனால் யாரும் சுழலவில்லை.

இலவசமாகக் கிடைத்த இரும்புத் தடுப்புத் தொகுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோற்றம் அருமை, ஆனால் ஒவ்வொரு துண்டின் முனையும் மழுங்காமல் வெட்டப்பட்டு, வரும் கார்களை நோக்கியே நிற்கிறது. இருபத்திரண்டு முனைகளை வெளிப்புறமாக வளைத்துத் தரைக்குள் புதைத்தேன். இன்னும் ஒன்பது இருக்கின்றன.

இதற்கிடையில் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள 2.1 கி.மீ. கரி மோட்டார் ஸ்பீட்வேயை வரையும் ஆசையில் புதிய கோப்பு ஒன்றையும் திறந்துவிட்டேன். இந்தத் தடத்துக்கோ, டயர் மாற்ற ஒதுங்கும் இடமான பிட்டுக்குள் நுழையும் கோடுகூட இன்னும் போடவில்லை. சனிக்கிழமை டயர் மாற்ற நினைத்த ஒருவர், வழி தெரியாமல் புல்வெளியில் இரண்டு முறை சுற்றிவிட்டுத் தடத்துக்கே திரும்பினார்.