உத்வாடாவில் ஈரான்ஷா தரிசனம்

தம்பியின் இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் குஜராத்தின் உத்வாடாவுக்கு வந்து, பார்சிகளான நாம் அரசராக வணங்கும் புனித நெருப்பு ஈரான்ஷாவுக்கு மாச்சி என்னும் சந்தனக்கட்டைக் காணிக்கை செலுத்துவதாக மம்மி வேண்டிக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் 1910-ல் கட்டிய நம் அகியாரி, அதாவது நெருப்புக் கோயில், பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஈரான்ஷாவிடம் சொன்னதை ஈரான்ஷாவிடம்தான் தீர்க்க வேண்டும் என்பதில் மம்மி பிடிவாதம்.

பார்சி நாட்காட்டியில் ஆதர் மாதம், ஆதர் நாள். ஈரான்ஷாவின் சால்கிரே எனும் ஆண்டு விழா என்றால் கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்! மும்பையிலிருந்து வந்த ரயிலில் நிற்கவே இடமில்லை. உத்வாடா ஸ்டேஷனில் ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டார்கள். ஊருக்குள் வந்தால் சந்தனக்கட்டை விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. முழங்கால் வலியோடு நிற்கும் வயதானவரிடமாவது இரக்கம் காட்டலாம் இல்லையா? ஏப்ரல் வெயில் வேறு. மம்மி யாரிடமும் பேசவில்லை. ‘அஷெம் வோஹு’ பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டே வரிசையில் நகர்ந்தார்.

கை, கால், முகம் கழுவி, இடுப்பில் குஸ்தி என்னும் புனிதக் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனோம். எங்கள் புண்ணியம், நெருப்புக்குச் சந்தனம் இடும் உச்சி வேளைச் சடங்கான பூய் தொடங்கும் நேரம். வாயை மூடி வெண்துணி கட்டிய குருவான தஸ்தூர்ஜி சந்தனக்கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். தீ ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்ததுபோல் இருந்தது எனக்கு. தீய எண்ணம், தீய சொல், தீய செயல் மூன்றையும் விரட்டும் அந்த மணி ஒலித்தபோது மம்மி என் கையை இறுக்கிப் பிடித்தார். வரும் வழியெல்லாம் தம்பிக்காக என்னென்னவோ கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அவன் பெயரை மட்டும் சொன்னார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை, கண்ணீர்தான்.

மின்னலின் தீ உட்பட 16 வகை நெருப்பு சேர்ந்து சஞ்சானில் அரியணை ஏறிய ராஜா ஈரான்ஷா. படையெடுப்பு வந்தபோது பஹ்ரோத் மலைக்குகையில் 12 வருஷம் வைத்துக் காத்தார்கள். அப்புறம் வான்ஸ்தா, நவ்சாரி என்று அலைந்து, 1742-ல்தான் உத்வாடா. ஈரானில் நம் அரசு போன பிறகு நமக்கென்று மிஞ்சிய அரசர். இத்தனை அலைச்சல் பட்டவருக்கு, மகனுக்காகத் தவிக்கும் ஒரு தாயின் வலி தெரியாதா?

சாம்பலை நெற்றியில் இட்டு, தம்பிக்கும் கொஞ்சம் கைக்குட்டையில் முடிந்துகொண்டார் மம்மி. வெளியே வந்த பிறகு முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் பயணத்துக்குச் சம்மதித்ததும் தம்பியை அழைத்து வந்து, அவன் கையாலேயே சந்தனம் வைக்கச் சொல்ல வேண்டும். ஈரான்ஷாவே, அதற்கும் நீங்கள்தான் வழி காட்ட வேண்டும்.